கணக்கு, அறிவியல் ஆசிரியருக்குக் கல்விக்கடன் சலுகை: எந்த மாநிலம் தேவலாம்?

அமெரிக்கப் பள்ளிகளில் கணக்குக்கும் அறிவியலுக்கும் நல்ல ஆசிரியர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால்தான் பல மாநிலங்கள் "எங்கள் பள்ளிக்கு வாருங்கள், உங்கள் கல்விக்கடனில் ஒரு பங்கை நாங்கள் அடைக்கிறோம்" என்று அழைக்கின்றன. விளம்பரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பணம் எப்போது வரும், நடுவில் கிளம்பினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும்.

மாநிலங்களுக்குப் போகும் முன் மத்திய அரசின் ஆசிரியர் கடன் தள்ளுபடியைச் சொல்லிவிட வேண்டும். ஏழை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளியில் தொடர்ந்து 5 கல்வியாண்டுகள் முழுநேரமாக வேலை பார்க்க வேண்டும். உயர்நிலை வகுப்புகளில் கணக்கோ அறிவியலோ நடத்துபவருக்கு 17,500 டாலர் வரை தள்ளுபடி. மற்றப் பாட ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கு 5,000 வரைதான். நீங்கள் சேர்ந்து ஒரு வருடம் ஆனபின் பள்ளி அப்படிப்பட்ட பள்ளிகளின் பட்டியலிலிருந்து விழுந்தாலும் பயப்பட வேண்டாம், அடுத்த வருடங்களும் கணக்கில் சேரும்.

இனி ஒக்லஹோமா. 2000-இல் சட்டமான திட்டம் இது. கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்காகவே போட்டது. பட்டம் வாங்கும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பிறகு மாநில அரசுப் பள்ளிகளில் உயர்நிலை வகுப்புகளுக்குத் தொடர்ந்து 5 வருடம் பாடம் நடத்த வேண்டும். அதற்கப்புறம்தான் பணம். மற்ற இடங்களில் இல்லாத ஒரு நல்ல விஷயம்: கடனே இல்லாதவருக்கும், கடன் உள்ளவருக்குக் கிடைப்பதற்கு ஈடான தொகையை ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். அப்பா அம்மா வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைத்த பிள்ளைக்கும் பலன் உண்டு. மற்ற மாநிலங்கள் இதைக் காப்பியடிக்கலாம்.

ஆனால் அந்த 5 வருடமும் தவணை கட்டுவது உங்கள் பாடு. 30,000 டாலர் கடனுக்கு 5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 1,500 வட்டி மட்டுமே போகும். நாலாவது வருடம் கல்யாணமாகி பக்கத்து மாநிலமான டெக்சாஸின் டல்லாஸுக்குக் குடிபோனால் கையில் ஒன்றும் இல்லை. டல்லாஸ் என்று சும்மா சொல்லவில்லை. 2016-இல் மாநிலத்தின் சிறந்த ஆசிரியர் என்று ஒக்லஹோமா தேர்ந்தெடுத்தவரே அடுத்த ஆண்டு டெக்சாஸுக்கு மாறிவிட்டார். 2018 ஏப்ரலில் ஒக்லஹோமா ஆசிரியர்கள் வகுப்பை விட்டு வீதிக்கு வந்ததற்குச் சம்பளமும் ஒரு காரணம்.

மிசிசிப்பி 2021-இல் கொண்டுவந்த விண்டர்–ரீட் திட்டம் இதற்கு நேர் எதிர். வருடா வருடம் கொடுக்கிறார்கள்: சாதாரண மாவட்டத்தில் முதல் வருடம் 1,500, அடுத்து 2,500, மூன்றாவது வருடம் 3,500. ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாக உள்ள மாவட்டத்துக்குப் போனால் 4,000, 5,000, 6,000. இது எந்தப் பாட ஆசிரியருக்கும் பொது. மேலே சொன்ன 30,000 டாலர் கடனையே வையுங்கள். சாதாரண மாவட்டத்தில் முதல் வருட உதவி வட்டிக்கே சரியாகப் போய்விடும், அசலில் ஒரு டாலர் குறையாது. பற்றாக்குறை மாவட்டத்தில் அதே வருடம் அசலில் 2,500 இறங்கும். அங்கே மூன்று வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் 15,000-தான், ஆனால் நடுவில் விலகினாலும் அதுவரை அடைந்தது அடைந்ததுதான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை 5 வருடம் ஒரே மாநிலத்தில் இருப்பேன் என்று சத்தியம் பண்ண முடியுமா? எனக்குக் கேட்டால் மிசிசிப்பி முறைதான் நியாயம்.

டெக்சாஸின் கணக்கு–அறிவியல் அறிஞர் திட்டம் ரொம்பக் கறார். கல்லூரி மதிப்பெண் சராசரி 4-க்கு 3.5 வேண்டும். ஏழை மாணவர்களுக்கான மத்திய நிதி பெறும் பள்ளியில் 4 வருடம், பிறகு மாநிலத்தின் ஏதாவது ஓர் அரசுப் பள்ளியில் இன்னொரு 4 வருடம். 3.5 வாங்கிய கணக்குப் பட்டதாரியை மென்பொருள் கம்பெனி கொத்திக்கொண்டு போகக் காத்திருக்கும்போது, 8 வருடம் கட்டிப்போடும் காகிதத்தில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள்?

மேரிலாந்தின் ஜேனட் ஹாஃப்மன் திட்டத்தில் கடன் பெரிதானால் உதவியும் கூடும். பட்டம் அந்த மாநிலக் கல்லூரியில் வாங்கியிருக்க வேண்டும், சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆசிரியர்களின் ஆரம்பச் சம்பளத்தை 60,000 டாலராக்க அங்கே தனியாகச் சட்டமும் இருப்பதால், விண்ணப்பிக்கும் முன் வரம்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இல்லினாய் மத்திய தள்ளுபடி வாங்கியவருக்கு மேலே 5,000 வரை போடும், அவ்வளவுதான். கலிபோர்னியாவில் கணக்கு, அறிவியல் ஆசிரியருக்கு 19,000 வரை கிடைக்க வழி இருந்தது. 2012-க்குப் பின் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை.

கடன் 60,000-ஐத் தாண்டுகிறவர் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அரசுப் பணியாளருக்கான மத்தியத் திட்டத்தில் 120 மாதத் தவணை கட்டினால் மீதி முழுக்கத் தள்ளுபடி. சிக்கல் என்னவென்றால், 17,500 வாங்கக் காட்டிய அதே 5 வருடத்தை இதற்கும் காட்ட முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் 10 வருடம் 15 ஆகிவிடும். அவர் 17,500-ஐத் தொடாமல் நேராக 120-ஐ எண்ணுவதே மேல்.

இந்தியாவிலிருந்து ஜே-1 விசாவில் பாடம் நடத்த வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: மத்தியத் திட்டங்கள் இரண்டும் அமெரிக்க அரசின் கல்விக்கடனுக்கு மட்டுமே. ஊரில் வங்கியில் வாங்கிய கடனுக்கு அவை செல்லாது.