அக்கா மட்டும் சொல்வதா, இருவரும் சொல்வதா?

ஒரு நாவலின் குறிப்புகள் என் மேசையில் கிடக்கின்றன. இலங்கையின் வன்னியில், ஒருவரோடொருவர் பேச்சற்றுப் போன இரு சகோதரிகள். 2006 ஆகஸ்டில் போரால் ஏ9 நெடுஞ்சாலை பூட்டப்படுவதற்கு முன் தங்கை ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வெளிநாடு போய்விடுகிறாள். அக்கா தாயுடன் தங்குகிறாள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் தாயை இழக்கிறாள்.

அக்காவின் வாயால் மட்டும் சொன்னால் கதைக்குச் சூடு இருக்கும். தறப்பாளின் கீழ் தாயின் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்தானே. ஆனால் தங்கை முதல் பக்கத்திலேயே குற்றவாளி ஆகிவிடுவாள். வாசகர் தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் மிச்சத்தைப் படிப்பார்.

இருவரும் மாறி மாறிச் சொன்னால் வேறு ஆபத்து: பட்டிமன்றம். அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயம். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் இந்த வடிவத்தில்தான் ஒரு காட்சி சாத்தியம். பல வருடங்களுக்குப் பின் தங்கை கொண்டுவந்த சொக்லேட் பெட்டியை அக்கா பிரிக்காமல் தட்டில் வைக்கிறாள், எறும்பு மொய்க்கிறது. அக்காவின் அத்தியாயத்தில் அது கோபம். தங்கையின் அத்தியாயத்தில், தாய்க்குப் படைக்க எடுத்து வைத்தது. இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

மன்னிப்பை எங்கே வைப்பது? வற்றாப்பளை அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கல் கூட்டத்தில் கட்டிப்பிடித்து அழ வைக்கலாம். மலிவு. அக்கா அந்த எறும்புகளைத் தட்டிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டால் போதும்.

ஆகவே இரண்டாவது வடிவம், சமபங்கு இல்லாமல்: அக்காவுக்குப் பத்து அத்தியாயம், தங்கைக்கு மூன்று. தங்கைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.