மாணவர் சுற்றுலா: நீலகிரியா, கொடைக்கானலா?

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு வரலாறு, அரசியல், காட்டுயிர் மூன்றையும் ஒரே பயணத்தில் காட்ட வேண்டுமென்றால் போட்டி இந்த இரண்டு மலைகளுக்குள்தான். மூன்று இரவு தங்க முடிந்தால் நீலகிரி. இரண்டுதான் என்றால் கொடைக்கானல். இரண்டையும் சேர்த்துத் திட்டம் போட்டால் பாதிப் பொழுது பஸ்ஸிலேயே கழியும்.

நீலகிரியின் பலம், ‘காடு யாருக்கு?’ என்ற வழக்கு அங்கே இன்னும் சூடு ஆறாமல் இருப்பது. 1819இல் கோத்தகிரி வந்த கலெக்டர் ஜான் சல்லிவனின் பங்களா கன்னேரிமுக்கில் இருக்கிறது. முதல் நாள் அங்கே தொடங்கலாம். மறுநாள் முதுமலை: 1940இல் சரணாலயம், 2007இல் புலிகள் காப்பகம். தெப்பக்காடு முகாமில் யானைக்குக் கேழ்வரகும் கொள்ளும் உருண்டை பிடித்து ஊட்டுவதைப் பார்த்ததோடு திரும்பிவிட்டால் வந்ததே வீண். முதுமலையை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தை மறித்த விடுதிகளுக்கு எதிரான உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பைப் பிள்ளைகள் படித்துவிட்டு வந்தால், மசினகுடிப் பக்கம் கண்ணில் படும் ஒவ்வொரு வேலியும் கேள்வி கேட்க வைக்கும். கூடலூரில் ஜென்ம நிலச் சிக்கல், அதாவது பழைய பரம்பரை நிலவுடைமையில் இருந்த நிலம் இனி யாருக்கு என்ற கேள்வி. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள். அரசியல் பாடத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்!

பலரும் சறுக்குவது வழியில். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு மேப் கல்லட்டிப் பாதையைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டியை ஊட்டியிலிருந்து கீழே இறங்க விடமாட்டார்கள். கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும், சுமார் 67 கிலோமீட்டர். மலை ரயிலில் குன்னூர்–ஊட்டி மட்டும் ஏறினால் பல்சக்கரத்தைப் பார்க்க முடியாது. அது கல்லாறு–குன்னூர் இடையில்தான்: தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்பட்டைகள், ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக நிற்கும். அதனால் எஞ்சினின் சக்கரம் ஒரு கணமும் பிடி விடாது.

கொடைக்கானலில் அலைச்சல் குறைவு. 1899இல் வந்த சூரிய ஆய்வகத்தின் பின்னணியில் பஞ்சம் இருக்கிறது. சூரியனைக் கவனித்தால் பருவமழையின் போக்கு பிடிபடுமா என்று பார்த்தார்கள். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் மூடுபனி சூரியனை மறைத்துவிடும். பாதரசக் கழிவை வெளியே கொட்டியதாக எழுந்த புகாரால் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடியது. முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு வந்ததோ 2016இல். உள்ளே விடமாட்டார்கள், ஆனால் சுற்றுச்சூழல் அரசியலுக்கு இதைவிட நல்ல பாடம் நீலகிரியிலும் இல்லை. புல்வெளியை ‘வாட்டில்’ எனும் அயல்நாட்டுச் சீகை மரம் விழுங்கியிருப்பதைப் பேரிஜம் போகும் வழியில் காட்டலாம். வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். காட்டுயிர் மட்டும் சுமார்தான். ஊருக்குள் திரியும் காட்டுமாட்டைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்காதீர்கள், அதன் அருகிலும் போகாதீர்கள்.

இரண்டு மலைக்கும் 2024 மே முதல் தனி வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். பொங்கல் கழிந்து பிப்ரவரி நடுவுக்குள் போவது நல்லது. அதன்பின் காட்டுத்தீக்குப் பயந்து முதுமலையில் வாகனச் சவாரியை நிறுத்துவதுண்டு.