பயிற்சியாளர் வரம்பு மீறினால்: எச்சரிக்கையா, அட்டையா?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சிறுவர் கால்பந்துக்கு நடுவராக நிற்கத் தொடங்கும் இளைஞர்கள், கோட்டோரம் கத்தும் பயிற்சியாளரை வாய்ச்சொல்லால் எச்சரிப்பதா, அட்டை காட்டுவதா என்று தயங்குகிறார்கள். 2019-20 விதிகளிலிருந்து பயிற்சியாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு.

பதிவு: எச்சரிக்கை காற்றோடு போய்விடும், அட்டை நடுவரின் அறிக்கையில் ஏறும்.

நேரம்: இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சிறுவர் மனம்: எச்சரிக்கை அவர்களைக் கலைப்பதில்லை, சிவப்பு அட்டையோ, தங்கள் 'சார்' வெளியேறியதும் பந்தைக் காலடியில் வைத்தபடி தலைகுனிந்து நிற்க வைக்கிறது. ஆனாலும், வசவைக் கேட்டுக்கொண்டே ஆடுவது அதைவிடக் கொடியது என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே, தீர்ப்பைக் குறித்து முணுமுணுப்பவருக்கு எச்சரிக்கை போதும். விடாமல் எதிர்ப்பவருக்கு மஞ்சள் அட்டையும், வசைபாடுபவருக்கு நேராகச் சிவப்பு அட்டையுமே பொருந்தும். கத்தியவர் யாரென்று தெரியாதபோது, அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளரே அந்த அட்டையை ஏற்க வேண்டும்.