பிளோவ்டிவ் பழைய நகரம்: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு போய்வந்த அனுபவம்

பல்கேரியாவின் தலைநகர் சோபியாவில் தங்கிக்கொண்டு, காலையில் அதே நாட்டின் பிளோவ்டிவ் நகரத்துக்குப் போய் மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாக்களைப் பலரும் விற்கிறார்கள். தூரம் 145 கிலோமீட்டர்தான், நெடுஞ்சாலையும் நன்றாக இருக்கிறது. போய்வர முடியும். ஆனால் என்னைக் கேட்டால் அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஊர் மிக நன்றாக இருப்பது காலை பத்து மணிக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பிறகும்தான். ஒருநாள் சுற்றுலாவில் இரண்டு நேரமும் பேருந்திலேயே போய்விடும். உச்சி வெயிலில் கல் பாவிய தெருவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். குறைந்தது இரண்டு இரவாவது அங்கேயே தங்குங்கள்.

நான் கட்டுமானத் துறையில் வேலை செய்பவன். பழைய கட்டடம் என்றால் நின்று பார்க்காமல் நகர மாட்டேன். கூட வந்தது அம்மா. வயது 67, வலது முழங்கால் தேய்மானம், சுத்த சைவம். ஆகவே நான் எழுதுவது பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

முதலில் விசா. 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியா முழுமையாக ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், வந்துவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா போதும். பிளோவ்டிவிலிருந்து தரைவழியாக இஸ்தான்புல் போய்விட்டுத் திரும்பி வரும் யோசனை இருந்தால், பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். துருக்கி ஷெங்கனில் இல்லை. பணமும் மாறிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் அங்கே யூரோ. பழைய குறிப்புகளில் முந்தைய பணமான லெவாவில் விலை போட்டிருந்தால் ஏறக்குறைய இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

சோபியா விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலிருந்தே மெட்ரோ இருக்கிறது. செர்திகா நிலையத்தில் மாறினால் மத்திய ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். மத்தியப் பேருந்து நிலையம் அதற்குப் பக்கத்திலேயே. பேருந்து சுமார் இரண்டு மணி நேரம், ரயில் அதைவிடக் கூடுதல் நேரம். ரயிலில் எழுந்து நடமாடலாம் என்பது வசதிதான். ஆனால் நடைமேடை தாழ்வு, பழைய பெட்டிகளின் படிகள் செங்குத்து. அம்மாவின் காலை நினைத்துப் பேருந்தைத் தேர்ந்தெடுத்தோம்.

தங்குமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய நகரம் குன்றின் மேல் இருக்கிறது. அங்கே மரக்கூரையும் முற்றமுமாக அழகழகான விடுதிகள் உண்டு, படத்தைப் பார்த்தால் மனம் போய்விடும். ஆனால் பெரும்பாலான தெருக்களில் கார் நுழைய முடியாது. உருண்டையான பெரிய கற்கள், தேய்ந்து வழவழப்பாக இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். சக்கரப் பெட்டியை அந்தக் கற்களில் இழுக்க முடியாது. பெரியவர்கள் இருந்தால் கீழே, கார்கள் வராத பிரதான கடைவீதியை ஒட்டியோ, கைவினைக் கடைகளும் காபிக் கடைகளும் நிறைந்த கபானா பகுதியிலோ அறை எடுங்கள். அங்கே தரை சமமாக இருக்கும். தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம்.

மேலே ஏற ஜுமாயா சதுக்கத்திலிருந்து போகும் சபோர்னா தெருதான் வசதியானது. ஏற்றம் சீராக இருக்கிறது, அங்கங்கே உட்காரவும் இடம் கிடைத்தது. சதுக்கத்திலேயே ரோமானிய விளையாட்டரங்கின் வடக்கு வளைவைத் தெரு மட்டத்துக்குக் கீழே பார்க்கலாம். மீதி அரங்கம் கடைவீதிக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. ஒரு எச் அண்ட் எம் துணிக்கடையின் கீழ்த்தளத்தில்கூட அதன் ஒரு பகுதி இருக்கிறது. மேலிருந்து பார்க்கக் கட்டணம் இல்லை, பத்து நிமிடம் போதும்.

நிறைய நேரம் ஒதுக்க வேண்டியது ரோமானியத் திறந்தவெளி நாடக அரங்குக்கு. கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டு வாக்கில் கட்டியது. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் இருந்து, 1970களில் நடந்த அகழாய்வில் வெளியே வந்தது. பளிங்கு இருக்கை வரிசைகளில் எந்தப் பிரிவினர் எங்கே உட்கார வேண்டும் என்று கிரேக்க எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் தூண்களை எடுத்து நிறுத்தியிருக்கும் விதத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்த இடத்தில் புதுக் கல்லை ஒட்டியிருக்கிறார்கள், எது பழையது எது புதியது என்று கண்ணுக்குத் தெரிகிறது. மறைக்காமல் செய்த நேர்மையான வேலை. அரங்கம் இருக்கும் குன்றுக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டு வாகனங்கள் ஓடுகின்றன என்பது இன்னொரு ஆச்சரியம். உள்ளே படிகள் உயரம். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்க வேண்டியதில்லை, மேலே விளிம்பிலிருந்தே முழு அரங்கமும் தெரியும். அம்மா அங்கே உட்கார்ந்தபடியே பார்த்தார், அதற்குச் சீட்டும் தேவைப்படவில்லை.

பழைய நகரத்தின் அருங்காட்சியக வீடுகளுக்கு, ஐந்து இடங்களைப் பார்க்கும் ஒருங்கிணைந்த நுழைவுச்சீட்டு ஒன்று விற்கிறார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. எந்தெந்த இடங்கள் அதில் சேரும் என்று சாளரத்திலேயே கேட்டுவிடுங்கள். கட்டாயம் சேர்க்க வேண்டியது ஹிந்த்லியான் வீடு. இந்தியா வரை வணிகம் செய்த ஆர்மீனியக் குடும்பத்தின் வீடு, 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டியது. சுவர் மாடங்களில் வெனிஸ், கான்ஸ்டான்டினோபிள் போன்ற ஊர்க் காட்சிகளை வரைந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பலபானோவ் வீடு. அசல் வீடு இடிந்துபோய், பழைய வரைபடத்தை வைத்து 1970களில் திரும்பக் கட்டியது. அதனால் எனக்கு அதன்மேல் ஈர்ப்பு கொஞ்சம் குறைவுதான். ஆனால் மேல்மாடிக் கூடத்தின் மர விதானத்துக்காகப் போகலாம்.

1847-இல் கட்டிய குயும்ஜியோக்லு மாளிகையில் இனவரைவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அலைபோல் வளைந்த அதன் நெற்றிச் சுவரை இந்த ஊரின் எல்லாப் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். அது வேறு நிர்வாகம், தனிச் சீட்டு. சில இடங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைக் குன்றுக்கு ஒதுக்காதீர்கள்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்தது ஸ்லாத்யூ போயாஜியேவ் ஓவியக்கூடம். 1951-இல் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்த பிறகு, இடது கையால் வரையப் பழகிய ஓவியர் அவர். முந்தைய ஓவியங்கள் அடக்கமான, யதார்த்தமான கிராமக் காட்சிகள். பிந்தையவை பெரிய பெரிய சட்டங்களில் நிறம் கொட்டிக் கிடப்பவை. "வலது கையில வரைஞ்சதவிட இதுலதான்டா உசுரு இருக்கு" என்றார் அம்மா. பக்கவாதத்தோடு பல வருடம் வாழ்ந்த தாத்தாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். அங்கே அவசரப்படுத்தாமல் விட்டுவிட்டேன்.

கீழே, சமதளத்தில், 2021-இல் பார்வைக்குத் திறந்த ஆயர் பசிலிக்கா என்ற பழங்காலத் தேவாலயத்தின் எச்சங்களைத் தவறவிடாதீர்கள். 4 முதல் 6-ஆம் நூற்றாண்டு வரையிலான மொசைக் தரை, இரண்டு அடுக்காக. நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள் அதில் இருக்கின்றன. மதிய வெயில் நேரத்தை இதற்கு வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

சாப்பாட்டில் சைவர்கள் பயப்பட வேண்டாம். தராத்தோர் என்று ஒரு குளிர்ந்த சூப். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியில் தண்ணீர் விட்டுப் பூண்டும் வால்நட்டும் சேர்த்தது போல இருக்கும். அம்மா தினமும் அதைத்தான் கேட்டார். தக்காளி, வெள்ளரி, வெங்காயத்தின் மேல் வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் துருவிப்போட்ட ஷோப்ஸ்கா சாலட் எங்கும் உண்டு. பாப் சோர்பா என்ற பீன்ஸ் சூப்பும் நல்லது, இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். மிஷ்மாஷ் என்ற காய்கறிப் பொரியலில் முட்டை இருக்கும். பாலாடைக்கட்டியில் பாலைத் திரியவைக்க ரென்னெட் என்று கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் சேர்ந்திருக்கலாம், கண்டிப்பான சைவர்கள் கவனிக்க வேண்டும். இன்னொன்று: அங்கே வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆமாம், மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. "ஏன்டா, இருக்குங்கிறாரா இல்லைங்கிறாரா?" என்று அம்மா ஒவ்வொரு கடையிலும் கேட்டார். 'தா' என்றால் ஆமாம், 'நே' என்றால் இல்லை. வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு நாள் கையில் இருந்தால் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள, 1083-இல் நிறுவிய பாச்கோவோ மடாலயம் போய்வாருங்கள். பெரியவர்களுக்கு வாடகைக் கார்தான் வசதி. நிலையத்துக்கு வெளியே நின்ற ஓட்டுநர் ஒருவர் மீட்டர் போடாமல் மொத்தமாக ஒரு தொகை கேட்டார். நாங்கள் விடுதியிலிருந்து சொல்லி வேறு வண்டி வரவழைத்தோம், எந்தச் சிக்கலும் இல்லை.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். மே, செப்டம்பர் நல்லது. கோடையில்தான் போக முடியும் என்றால், நாடக அரங்கில் ஓபரா நடக்கும் இரவுகளைப் பார்த்து முன்கூட்டியே சீட்டு எடுங்கள். இருக்கை வெறும் பளிங்கு, ஒரு மெத்தையோ மடித்த போர்வையோ கையில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு இறங்கும் படிகள் குறைவாக உள்ள மேல் வரிசையையே கேளுங்கள்.