பிளாக் ஃபேஸிங்னு 38,500 ரூபாய் பில், ஆனா பிளாக் மெஷின்ல ஏறவே இல்ல. உஷாரா இருங்க

வண்டி நாலு சிலிண்டர் டீசல். இரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கிற எஞ்சினோட அடிப்பாகம்), அலுமினிய ஹெட் (அதுக்கு மேல மூடுற பாகம்). ரெண்டாவது சிலிண்டர் பக்கத்துல தண்ணி ஓட்டையைச் சுத்தி பிளாக் மேல்பரப்பு அரிச்சு, கூலன்ட் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஃபேஸிங் பண்ணி, அதாவது மேல்பரப்பை மெஷின்ல சீவி மட்டமாக்கி, அதைச் சரி பண்ணித் தர்றேன்னு 38,500 ரூபாய் வாங்கிட்டு, கிரைண்டர்ல எமரி வட்டைப் போட்டுத் தேய்ச்சு, மேல பிசினைப் பூசி மூடிக் கொடுத்திருக்கானுங்க. இன்னிக்கு மத்தியானம் வேற மெக்கானிக் ஹெட்டைத் தூக்கினப்போதான் எல்லாம் வெளிய வந்துச்சு. அந்தச் சூட்டோடதான் எழுதுறேன்.

பேர் போடல. வீட்டு வாசலுக்கே வந்து வண்டியை எடுத்துட்டுப் போற ஆப் வகையறா. அவங்க வேலையை இறக்கினது ஒரு லேத் பட்டறையில. அந்த மாதிரி இடத்துல என்னென்ன கேக்கணும்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல விஷயம் என்னன்னு பாத்துடுவோம். கூலன்ட் ஊத்தாம வெறும் போர் தண்ணியை வருஷக்கணக்கா ஊத்தி ஓட்டின வண்டியில இது சகஜம். துருத் தடுப்பு மருந்து இல்லாத தண்ணி, ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் அலுமினியம். தண்ணி ஓட்டையோட விளிம்புல ஆரம்பிக்கிற அரிப்பு மெல்ல மெல்ல கேஸ்கட்ல (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கசியாம வைக்கிற தகடு) சிலிண்டரைச் சுத்தி இருக்கிற ஸ்டீல் வளையத்தை நோக்கி நகரும். குழி எங்க நிக்குதுங்கறதுதான் வைத்தியத்தைத் தீர்மானிக்கும்.

மேலோட்டமான அரிப்புன்னா மெஷின்ல 0.1, 0.2 மி.மீ. எடுத்தா போதும். குழி ஆழம், ஆனா வளையத்துக்கு வெளியவே நிக்குதுன்னா இரும்புத்தூள் கலந்த எபாக்ஸி பிசின் தாங்கும். அதுக்கும் முறை இருக்கு. துரு துளிகூட இல்லாம வெள்ளை இரும்பு தெரியறவரைக்கும் சுரண்டணும், அசிட்டோன்ல எண்ணெய்ப் பசை போகத் துடைக்கணும், பிசின் பிடிச்சு நிக்கிற மாதிரி குழியோட அடிப்பக்கத்தைக் கொஞ்சம் அகலமாக் குடையணும், மட்டத்துக்கு மேலயே நிரப்பி ஒரு நாள் முழுசா இறுக விட்டு, அப்புறம்தான் மெஷின்ல மட்டம் பண்ணணும். குழி வளையத்துக்கு அடியிலேயே போயிருச்சுன்னா எபாக்ஸி நிக்காது, எரியற வாயுவோட அழுத்தம் பிச்சு எடுத்துரும். அங்க நிக்கல் ராடு வெல்டிங்தான். அதுவும் சூடு பண்ணி, துண்டு துண்டா வெச்சு, மெதுவா ஆறவிடணும். இல்லேன்னா வெல்டுக்குப் பக்கத்துலயே விரிசல் விடும். நல்ல பழைய பிளாக் ஒண்ணு வாங்கறது பல நேரம் அதைவிட மலிவு.

எங்க கேஸ் நடுவுல உள்ளது. எபாக்ஸி ப்ளஸ் ஃபேஸிங். ஆப்காரர் கொடுத்த எஸ்டிமேட்டும் அதேதான்: பிளாக் வேலை 14,000, ஹெட் ஸ்கிம்மிங் (ஹெட்டோட அடிப்பரப்பைச் சீவறது) 3,500, கேஸ்கட் செட் 4,500, கூலி 12,000, ஆயில், ஃபில்டர், கூலன்ட் 4,500. ஆக 38,500 ரூபாய். அட்வான்ஸ் போக மீதியைக் கட்டச் சொல்லும்போது கூடவே ஒரு வீடியோ அனுப்பினார். பளபளன்னு ஒரு வெறும் பிளாக், மேல ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (மட்டம் பாக்கற நேர்ச் சட்டம்), அதுக்கு அடியில 0.05 மி.மீ. ஃபீலர் பிளேடு (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) எங்கயும் நுழையல. "பாருங்க சார், 0.15 எடுத்திருக்கோம், கண்ணாடி மாதிரி இருக்கு. இனி அஞ்சு வருஷத்துக்கு ஹெட்டைத் தொட வேண்டாம்"னு குரல் வேற. நம்பிக்கை வந்தது அந்த வீடியோவுலதான். மீதிப் பணம் அப்பவே போச்சு.

வண்டி வந்து கொஞ்ச நாள்லயே டேங்க்ல கூலன்ட் இறங்க ஆரம்பிச்சுது. காலையில குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துல மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுது, டேங்க்ல குமிழ் வருது. போன் பண்ணினா, "ஏர் லாக் சார், ஓட்ட ஓட்டச் சரியாயிரும்." அடுத்த தடவை, "மூடி வீக்கா இருக்கும், மாத்திப் பாருங்க." மூடியையும் மாத்தியாச்சு. அப்புறம் ஆள் அனுப்புறேன்னு அனுப்பி, அந்தப் பையன் கேக்காம கொள்ளாம கசிவடைக்கிற மருந்து ஒரு பாட்டிலை டேங்க்ல கவுத்துட்டுப் போயிட்டான். அது கசிவை அடைக்குதோ இல்லையோ, ஹீட்டர் கோரை (வண்டிக்குள்ள சூடு தர்ற குட்டி ரேடியேட்டர்) அடைச்சிருச்சு. கடைசியா, "வாரன்டி கேஸ்கட்டுக்குத்தான் சார், பிளாக்குக்கு இல்ல." பிளாக் வேலைக்குன்னு தனியா 14,000 வாங்கினவங்க பேசற பேச்சா இது? ஆப்ல புகார் போட்டா, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்?"

இப்ப ஹெட்டைத் தூக்கினப்போ கண்ட காட்சி. பிளாக் மூலையில, ஹெட்டைச் சரியான இடத்துல உக்கார வைக்கிற ரெண்டு டோவல் பின்னும் பழைய துரு வளையத்தோட அப்படியே உக்காந்திருக்கு. டோவலைப் பிடுங்காம எந்தக் கட்டரும் அந்தப் பரப்பு மேல ஓட முடியாது. இந்த ஒண்ணு போதும், வேற சாட்சி வேண்டாம். இருந்தாலும் சொல்றேன். பிளாக்கை மெஷின்ல ஏத்தணும்னா பிஸ்டன், கிராங்க் எல்லாம் வெளிய வந்தாகணும். அதுக்கு சம்பை (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கழட்டணும், பில்லுல சம்ப் பேக்கிங்கூட இல்ல. வண்டியில வெச்சே அறுக்கற மெஷின் இருக்குதான், ஆனா அது கப்பல் எஞ்சின் மாதிரி பெரிய வேலைக்கு. அப்புறம் கேஸ்கட். 0.15 எடுத்திருந்தா பிஸ்டன் அதே 0.15 கூடுதலா மேல எட்டிப் பாக்கும். டயல் கேஜ் வெச்சு நாலு பிஸ்டனையும் அளந்து, அதுக்கேத்த தடிமன்ல கேஸ்கட் போடணும். இல்லேன்னா வால்வு பிஸ்டனைத் தட்டலாம். இவங்க போட்டது பழைய கேஸ்கட்ல இருந்த அதே ஒரு நாட்ச்தான் (தடிமனைக் காட்டுற ஓர வெட்டு). எடுத்தேன்னு சொன்னது பொய்யின்னு கேஸ்கட்டே சொல்லுது. வீடியோவுல வந்தது யாரோட பிளாக்கோ!

எமரி வட்டு ஓடின சுழல் சுழலான கோடு பரப்பு பூரா இருக்கு. ரெண்டாவது சிலிண்டர்கிட்ட தேய்ச்சுத் தேய்ச்சு பள்ளமாவே ஆயிருச்சு, குறுக்க ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சா 0.12 பிளேடு தாராளமாப் போகுது. குழியில பூசின பிசின் நகத்தால கிள்ளினா வருது, அடியில துரு அப்படியே இருக்கு. இதைவிட வயிறெரியற விஷயம் கீழ. அந்த எமரித் தூள் ஆயில் வழியில இறங்கியிருக்கு. ஃபில்டரை அறுத்துப் பாத்தா மடிப்பு பூரா சாம்பல் கலர் மண்டி. சம்பைக் கழட்டி ஒரு பேரிங்கை எடுத்தா விரல்ல கோடு தட்டுப்படுது. 38,500 ரூபாய் போனது போக, நல்லா இருந்த கிராங்குக்கும் வேலை வெச்சிட்டானுங்க.

சரி, சொன்ன மாதிரி சீக்கிரமா. பிளாக்கைக் கொடுக்கறதுக்கு முன்னாடி மேல்பரப்பு ஓரத்துல ஒரு பஞ்ச் குறி அடிச்சு போட்டோ எடுத்துக்கங்க. மெஷின் ஓடினா குறி ஒண்ணு மங்கும், இல்ல மொத்தமா அழிஞ்சு போகும். ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளம், அகலம், ரெண்டு மூலைவிட்டம்னு எல்லாப் பக்கமும் வைக்கச் சொல்லுங்க. அதுவும் வளைவைத்தான் காட்டும், குழியைக் காட்டாது. பிஸ்டன் உயர அளவை எழுதி வாங்குங்க. வண்டியில வெச்சே எமரி போடறேன்னு சொன்னா வண்டியைத் தள்ளிக்கிட்டாவது வெளிய வந்துருங்க. ஹெட் போல்ட் ஓட்டையில தண்ணி, ஆயில் நிக்காம காத்தடிக்கச் சொல்லுங்க, இல்லேன்னா இறுக்கும்போது பிளாக்கே பிளக்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் போட்டாச்சு. 38,500 ரூபாய் திரும்பி வருதோ இல்லையோ, பில், வீடியோ, பழைய கேஸ்கட் மூணும் பத்திரமா இருக்கு. இப்ப பேரிங் செட் விசாரிக்கக் கிளம்பணும்.