பாட்டிலா, மிக்ஸியா?

மும்பை மாதுங்காவில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கெட்சப், மயோனைஸ், செஷ்வான் சட்னி, சோயா சாஸ், வினிகர் என்று ஐந்து பாட்டில்கள் நெருக்கியடித்து நின்றன. போன மழைக்காலத்தில் கெட்சப் பாட்டில் காலடியில் விழுந்து உடைந்தது. எதை வாங்கலாம், எதை அரைக்கலாம் என்று தரையைத் துடைத்துக்கொண்டேதான் யோசித்தேன்.

முதலில் டிபன் பாக்ஸ் சாண்ட்விச். மயோனைஸ் என்றால் ஒரு நிமிட வேலை. ஆனால் அதில் பெரும்பங்கு எண்ணெய். ஒரு மேசைக்கரண்டிக்குக் கிட்டத்தட்ட 90 கலோரி. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. முட்டை சேராத பாட்டிலுக்குப் பச்சை முட்டையின் கிருமி பயம் இல்லை, எண்ணெய்க் கணக்கு மட்டும் மாறாது.

எதிரே பச்சைச் சட்னி. கொத்தமல்லி இரண்டு பங்கு, புதினா ஒரு பங்கு, பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு. மிக்ஸி சூட்டில் இலை கறுத்துவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தால் நிறம் நிற்கும். ரொட்டி நனைந்து போகிறது என்பதுதான் இதன் மேல் உள்ள ஒரே புகார். அதற்கு வழி இங்கே தெருமுனை சாண்ட்விச்காரரிடம் இருக்கிறது: முதலில் ஓரம் வரை வெண்ணெய், அதன் மேல்தான் சட்னி. வெண்ணெய் பூசிய ரொட்டியில் தண்ணீர் இறங்காது. நான் அரைக்கும்போது ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலையும் சேர்த்துக் கெட்டியாக்கிவிடுவேன். மதியம் ஒரு மணிக்கும் ரொட்டி ரொட்டியாகவே இருக்கிறது. மயோனைஸை அப்போதே நிறுத்தியாயிற்று.

சாலட்டுக்குத் தயிர். துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, மிளகும் கொஞ்சம் கடுகுத்தூளும் சேர்த்தால் கடை டிரெஸ்ஸிங் பக்கத்தில் நிற்க முடியாது. உப்பு மட்டும் சாப்பிடும்போது. முன்பே போட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுவிடும். கோசுமல்லிக்கு இத்தனை ஜோடனை எதற்கு, கடுகு தாளித்து எலுமிச்சை பிழிந்தால் போதாதா என்பது மாமியார் கட்சி. அதுவும் சரிதான்.

செஷ்வான் சட்னியில்தான் தடுமாற்றம். பெயர்தான் சீன மாகாணத்துடையது. நாக்கை மரக்கவைக்கும் அந்த ஊர் மிளகை நம் ஊர் பாட்டிலில் தேடினாலும் கிடைக்காது. காஷ்மீரி மிளகாயை விதை நீக்கி ஊறவைத்து அரைத்து, ஒரு பிடி பூண்டோடு எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கடைசியில் வினிகர் விட வேண்டும். அரை மணி நேரம், வீடு முழுக்கத் தும்மல். வாசனை என்னவோ வீட்டுச் சட்னியில்தான். லீவு நாளில் செய்கிறேன். தீர்ந்துவிட்டால் வெட்கப்படாமல் பாட்டில்.

சோயா சாஸில் போட்டியே இல்லை. அதைப் புளிக்கவைக்க மாதக்கணக்கில் ஆகும், அதனால் பாட்டில்தான். ஆனால் ஒரு மேசைக்கரண்டியில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு உண்டு. ஒரு நாளைக்கே ஐந்து கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோயா ஊற்றும் நாளில் ஃபிரைட் ரைஸுக்குத் தனியாக உப்பு போடுவதில்லை.

கெட்சப் இடத்துக்குத் தக்காளித் தொக்கு வந்துவிட்டது. கெட்சப்பில் மேசைக்கரண்டிக்குச் சுமார் நான்கு கிராம் சர்க்கரை. தொக்கில் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். சின்னவன் மட்டும் அடை தோசைக்குக்கூடக் கெட்சப்தான் கேட்கிறான். அவனுக்காகச் சின்ன பாட்டில் ஒன்று இருக்கிறது, கதவில் இல்லை, கீழ்த்தட்டில்.