அக்காவுக்குப் பாதி வீடு: ஓர் ஆவண எழுத்தரின் சேவை குறித்து

அப்பா என் பெயருக்கு எழுதிவைத்த மயிலாடுதுறை வீட்டில் அக்காவுக்கும் சம உரிமை வேண்டும் என்று முடிவு செய்து, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அருகே உள்ள ஓர் ஆவண எழுத்தரிடம் பத்திரம் தயாரிக்கும் பணியை ஒப்படைத்தோம். உடன்பிறந்தவரைச் சொத்தில் சேர்க்க எண்ணுவோருக்கு உதவும் என்பதால் அந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

எழுதத் தொடங்கும் முன் அவர் கேட்ட கேள்விகளே இந்த எழுத்தரின் பெரிய பலம். பட்டாவில் பெயரைச் சேர்ப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது, பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்பதை முதலில் தெளிவுபடுத்தினார். சொத்து என் ஒருவன் பெயரில் மட்டுமே இருந்ததால் பாகப்பிரிவினையும் விடுதலைப் பத்திரமும் (கூட்டு உரிமையாளர் தன் பங்கை விட்டுக்கொடுப்பது) பொருந்தா என்றும், பிரிபடாத, அதாவது அளந்து பிரிக்காத, பாதிப் பாகத்தைத் தான செட்டில்மென்ட்டாக (பணம் வாங்காமல் உரிமையைக் கொடுக்கும் பத்திரமாக) எழுதுவதே சரி என்றும் சொன்னார். மூலப் பத்திரத்தையும், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றையும் வரிவரியாகப் பார்த்து, வங்கிக் கடன் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பதிவாகி அக்கா ஏற்றுக்கொண்ட பிறகு நான் தன்னிச்சையாக ரத்து செய்ய இயலாது என்பதை இருவரையும் உட்காரவைத்து விளக்கியதை மனமாரப் பாராட்டுகிறேன். அவசரத்தில் பலர் சொல்லாமல் விடும் செய்தி அது.

செலவு விஷயத்திலும் அவர் சொன்ன கணக்கு சரியாக இருந்தது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கிடையே எழுதப்படும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் இவற்றின் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும் ஆகும். சகோதர சகோதரிகளும் இந்தச் சலுகைக்குள் வருகிறார்கள். இதையே கிரயமாக, அதாவது விற்பனையாக, எழுதியிருந்தால் தீர்வையும் கட்டணமுமாக 9 சதவீதம் போயிருக்கும்.

வரைவில்தான் குறை. சொத்து விவரத்தில் 'பிரிபடாத பாதிப் பாகம்' என்று சரியாக இருக்க, பத்திரத்தின் நடுப்பகுதியில் பழைய மாதிரிப் படிவத்திலிருந்து வந்த 'சொத்து முழுவதையும்' என்ற சொற்கள் அப்படியே நின்றன. நான்கெல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் கிழக்கெல்லைக்கு, எப்போதோ விற்றுவிட்டுப் போனவரின் பெயரே இருந்தது. சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல் திருத்தினார் என்றாலும், உரிமையையே மாற்றக்கூடிய சொற்களை அவரே கண்டுபிடித்திருக்க வேண்டும். எழுத்துக் கூலியை முன்கூட்டியே சொல்லாததும், கேட்ட பிறகே ரசீது தந்ததும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பதிவு நாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டோக்கன் நேரத்துக்கு முன்பே இரண்டு சாட்சிகளின் அடையாள அட்டைகளைச் சரிபார்த்து வைத்திருந்தார். அக்கா தானத்தை ஏற்று, சொத்தில் அனுபவம் பெற்றுக்கொண்டதாகத் தனிப் பத்தியும் எழுதியிருந்தார். பெறுபவர் ஏற்றுக்கொள்வதை 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் கட்டாயமாக்குவதால் இது இன்றியமையாதது. கூட்டுப் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றுவதற்கான பட்டியலையும் கையில் கொடுத்தனுப்பினார்.

குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு இவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வரைவை முத்திரைத்தாளில் அச்சிடும் முன் வாங்கி, கொடுப்பவரும் பெறுபவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் படித்துவிடுங்கள்.